ரெண்டு அறைக்கு ஒரே பல்பு

போன வாரம் கரண்ட் பில் வந்தது. வந்தது என்றால் யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. மகனின் போனில் 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பார்த்தவன் சோபாவை விட்டு எழுந்தே விட்டான். "என்னம்மா இது, ரெண்டு மாசத்துக்கு இவ்வளவா? இந்த வீட்டுல யாருதான் லைட்ட அணைக்கிறீங்க?" என்று ஒவ்வொரு அறையாகப் போய் ஸ்விட்சுகளைப் படபடவென்று தட்டிக்கொண்டே வந்தான். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பேத்தி இதுதான் சமயமென்று ஃப்ரிட்ஜை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் தேடுகிறாள். அந்த ஃப்ரிட்ஜுக்குள்ளேயும் ஒரு லைட்டு! தயிருக்கும் தக்காளிக்கும் எதற்கையா வெளிச்சம்? அவை என்ன பரீட்சைக்கா படிக்கின்றன?

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரண்ட் பில்லைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் ஓசூரில் நானாகத்தான் இருப்பேன். ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். வாத்தியாரம்மாவாக இருந்து ரிடையர் ஆனவள், நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் பாகலூர் ரோடு ஊரை விட்டு வெளியேறுகிற இடத்தில் எங்கள் வீடு. இன்றைக்குக் கம்பெனி பஸ்கள் மூச்சு முட்ட நிற்கிற ரோடு, அன்றைக்கு ஒரு மாட்டு வண்டிகூட இல்லாமல் சும்மாக் கிடந்தது. கேழ்வரகுக் கொல்லை, மல்பெரித் தோட்டம், எப்போதும் ஒரு குளிர். அப்பா வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். சாதாரண நாளிலேயே மைக் முழுங்கினவர்போல் பேசுவார். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல்காரி. தமிழில் சமைப்பாள், தமிழில் ஜெபம் சொல்வாள், கோபமோ பயமோ வந்தால் மட்டும் கன்னடம் வந்துவிடும். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். வலது பக்கத்து வீட்டு வெங்கட்டப்பா மாமா தெலுங்கு. ஒரு சண்டை போட்டால்கூட மூன்று பாஷையில் போட வேண்டிய தெரு அது.

அம்மா பட்டுப்புழு வளர்த்தாள். கூடத்தை ஒட்டி இருந்த பெரிய அறை புழுவுக்கு. மனுஷர்களுக்கு மிச்சம் மீதி. மூங்கில் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, முட்டை பொரிந்ததிலிருந்து கூடு கட்டும்வரை அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டின் அடுப்பும் புழுவை நம்பித்தான் எரிந்தது. இலையை உருவிப் புழுவுக்குப் போட்டபின் மிஞ்சுகிற மல்பெரிக் குச்சிதான் எங்களுக்கு விறகு. நன்றாகக் காய்ந்துவிட்டால் பற்றிக்கொள்ளும் பாருங்கள், ஒரு ஜோர்! ஆனால் பற்றின வேகத்தில் அவிந்தும் போகும். களி கிண்ட உட்கார்ந்தால் ஒரு கை துடுப்பில், ஒரு கை குச்சியில். அந்தப் புகையில் லேசாக ஒரு இனிப்பு வாடை இருக்கும். இப்போதும் எங்கேயாவது பச்சைக் குச்சி எரிகிற வாடை வந்தால் எனக்குக் களி பசி எடுக்கிறது. குளிக்க வெந்நீர் போட வறட்டி, மழைக்காலத்தில் புழு அறையைச் சூடாக்கக் கரிச்சட்டி, கூடத்துக்கும் அடுப்படிக்கும் மண்ணெண்ணெய் விளக்கு.

மண்ணெண்ணெய் விஷயத்தில் அம்மா கல்லில் நார் உரிப்பவள். "திரிய எறக்கு, திரிய எறக்கு" என்பதுதான் எங்கள் வீட்டுத் தாலாட்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. முழுக்க எறக்கின திரியில் படித்தேன். புத்தகத்தில் அசோகரும் அக்பரும் எனக்கு ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தார்கள்.

ஆனால் புழு அறைக்குள் அந்த விளக்குக்கும் அனுமதி கிடையாது. மண்ணெண்ணெய் வாடை பட்டால் புழு இலையைத் தொடாது. சிம்னி துடைத்த கையோடு நான் ஒருநாள் உள்ளே போய்விட்டேன், அம்மா முதுகில் வைத்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. அங்கே விளக்கெண்ணெய் அகல் மட்டும்தான். வேலியோரத்து ஆமணக்கைப் பறித்து, வறுத்து, இடித்து, காய்ச்சி அவளே எண்ணெய் எடுப்பாள். அந்த மினுக்கு வெளிச்சத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்ப்பாள். "என் கண்ணு ரெண்டும் இந்தப் புழுவுக்கே போயிடும்டி" என்பாள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் ரோட்டில் கம்பம் நட்டார்கள். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! குழி தோண்டினதை ஒரு கூட்டம் பார்த்தது, கம்பம் நிறுத்தினதை ஊரே பார்த்தது. கம்பி இழுத்த அன்றைக்கு வெங்கட்டப்பா மாமா வேலைக்கே போகவில்லை. அப்பா அன்றே எங்கள் வீட்டுக்குக் கனெக்சன் கேட்டு எழுதிப் போட்டுவிட்டார். அம்மா மட்டும், "அது மாசா மாசம் காசு கேக்குமாமே?" என்றாள். "மண்ணெண்ண கேக்கலயா? சிம்னி ஒடஞ்சா கேக்கலயா? இதுக்குத் திரி கெடையாது, பொக கெடையாது, வாடை கெடையாது" என்று அப்பா அடுக்கினார். வாடை கெடையாது என்ற இடத்தில் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் புழு அறைக்கு ஆகுமே!

அங்கேதான் சண்டை பிடித்தது. வயர்மேன் சின்னராசு ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். எங்கள் கைக்கு ஒரு பாயிண்ட்தான் எட்டியது. வீட்டுக்கு ஒரே பல்பு. அதை எங்கே மாட்டுவது? அப்பாவுக்குக் கூடத்தில் வேண்டும், நாலு பேர் வந்து பார்க்க வேண்டும். அம்மாவுக்குப் புழு அறையில் வேண்டும். எனக்கு என் புத்தகத்துக்கு நேர் மேலே வேண்டும், ஆனால் என்னை யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற வழியெல்லாம் சண்டை, திரும்பி வருகிற வழியெல்லாம் சண்டை.

கடைசியில் வழி சொன்னது அம்மாதான். ஓசூரில் ஒரு துணிக்கடையில் பார்த்தாளாம். கடைக்கும் பின்னாலிருந்த கிடங்குக்கும் நடுச் சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை போட்டு, அதற்குள் பல்பைத் தொங்கவிட்டிருந்தார்களாம். இந்தப் பக்கமும் வெளிச்சம், அந்தப் பக்கமும் வெளிச்சம், பில்லு ஒன்றுக்குத்தான். "ஒரு கல்லுல ரெண்டு மாங்கா!" என்று அப்பா துள்ளினார். அன்று சாயங்காலமே கடப்பாரையை எடுத்துச் சுவரை இடிக்க ஆரம்பித்துவிட்டார். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் எத்தனையோ வீட்டில் அப்படித்தான். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பொதுச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு பல்பைப் பங்கு போட்டுக்கொண்டதெல்லாம் உண்டு. சண்டை வந்தால் ஒருத்தர் தன் பக்கத்து ஓட்டையில் தலையணையைச் செருகிவிடுவார்.

ரெண்டு அறைக்கு ஒரு பல்பு என்பதால் பெரிய பல்பாகவே இருக்கட்டும் என்று அப்பா அறுபது வாட்ஸ் வாங்கிவந்தார். அதைக் கைக்குழந்தைபோல் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கிருஷ்ணகிரியில் டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. ஃபீஸ், ஹாஸ்டல், இரண்டு சேலை, ஒரு பெட்டி, எல்லாவற்றுக்கும் அந்தத் தடவைப் புழுதான் கதி. இன்னொரு பக்கம் ஆனேக்கல் மாமா, அம்மாவின் அண்ணன், தன் மகனுக்கு என்னைக் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். மாமா மகனும் நல்லவன்தான், பாவம். ஆனால் அவன் சாப்பிடும்போது போடுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதற்குப் பயந்தாவது நான் டீச்சராகியே தீர வேண்டும் என்று இருந்தேன். அம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்: "இதோ பாரு, புழு நல்லாக் கட்டுனா நீ கிருஷ்ணகிரி பஸ் ஏறு. கட்டலன்னா ஆனேக்கல்லு பஸ்தான். எங்க அண்ணனுக்கு இன்னொரு வருஷம் பதில் சொல்ல என்னால ஆவாது."

நான் அந்தப் புழுக்களுக்குச் செய்த சேவையை என் பிள்ளைக்குக்கூடச் செய்ததில்லை. விடியுமுன் இலை பறிப்பேன். ஈரம் துடைப்பேன். கடைசித் தீனிப் பருவத்தில் அவை தின்கிற வேகம் இருக்கிறதே, போட்டுவிட்டுத் திரும்புமுன் தட்டு காலி. "தின்னுங்கடி, தின்னுங்கடி" என்று நான் அவற்றோடு பேசுவதைக் கேட்டு அப்பா கூடத்திலிருந்து சிரிப்பார்.

வந்தது பாருங்கள் ஒரே நாளில் இரண்டும்! காலையில் புழு பழுக்க ஆரம்பித்தது. பழுத்த புழுவின் உடம்பு மஞ்சள் பாய்ந்து கண்ணாடியாகிவிடும், தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடும். அதைப் பொறுக்கிச் சந்திரிகையில் விட வேண்டும். சந்திரிகை என்பது ஆள் உயர மூங்கில் தட்டி, அதில் மூங்கில் பட்டையை வளைய வளைய வைத்துச் சந்து சந்தாகக் கட்டியிருக்கும். ஒரு சந்தில் ஒரு புழு உட்கார்ந்து தன் கூட்டைக் கட்டும். மற்ற நேரமென்றால் பந்தலடியில் சாய்த்து வைத்திருப்போம். அன்று ஆடி பிறக்குமுன்னே சாரல் பிடித்துக்கொண்டது. அத்தனை சந்திரிகையையும் புழு அறைக்குள்ளேயே சுவரோரம் நிறுத்தினோம். மத்தியானம் சின்னராசு சைக்கிளில் வந்து, "இன்னைக்குச் சாயங்காலம் கனெக்சன் குடுக்கறாங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இருட்டுகிற நேரத்துக்குக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. சின்னராசு ஒருமுறை எல்லோரையும் எச்சரித்தார். "ஈரக் கையில மட்டும் ஸ்விட்ச தொட்டுடாதீங்க. அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது." அப்பா கையை வேட்டியில் மூன்று தடவை துடைத்துக்கொண்டு ஸ்விட்சைக் கீழே அமுக்கினார்.

அடேயப்பா! சுவர் ஓட்டையில் சூரியன் உட்கார்ந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு அழுக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "அபப்பா, பகலே வச்சேசிந்தி!" என்று வெங்கட்டப்பா மாமா கத்தினார், பகலே வந்துவிட்டதாம். விளக்கு ஏற்றினால் கும்பிடுகிற பழக்கத்தில் அவர் பல்பைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். பெரிசு ஒருவர் பீடியை நீட்டிப் பல்பில் பற்றவைக்கப் பார்த்தார். அம்மா புழு அறையில் நின்று முகமெல்லாம் சிரிப்பாக, "ஏன்டி, ஊசி விழுந்தாக்கூட எடுக்கலாம்டி!" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அகலை ஊதி அணைத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் மளமளவென்று புழுவைப் பொறுக்கி எல்லாச் சந்திரிகையையும் நிரப்பினோம். எப்போதும் ஆகிற நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. பிறகு வந்தவர்களுக்கு வெல்லக் காப்பி போடலாமென்று இருவரும் அடுப்படிக்குப் போனோம்.

காப்பி போட்டோம், கொடுத்தோம், டம்ளர் கழுவினோம். அப்பா கூடத்தில் கரண்டைப் பற்றி லெக்சர் அடித்துக்கொண்டிருந்தார். மேட்டூரில் தண்ணீராக இருந்தது எப்படி இங்கே வெளிச்சமாக வருகிறது என்று அவருக்குத் தெரியாததையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா ஈரக் கையோடு புழு அறைக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி ஒரு அலறல்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சந்திரிகைகளில் வெளிச்சம் பட்ட பக்கத்துச் சந்துகள் எல்லாம் காலி. அத்தனை புழுவும் பல்புக்கு முதுகைக் காட்டி, இருட்டாக இருந்த ஓரத்துக்கு ஊர்ந்து போய் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிந்துகொண்டிருந்தன. ஒரு சந்தில் இரண்டு, மூன்று. புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. அகல் விளக்கைக் கையோடு கொண்டுபோய்க் கையோடு கொண்டுவந்த காலத்தில் அது தெரியவே இல்லை. இரண்டு புழு ஒரே சந்தில் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கூடாகக் கட்டிவிடும். அந்த இரட்டைக் கூட்டில் நூல் சிக்கிக்கொள்ளும், ஒழுங்காக இழுக்க வராது. வாங்க வருகிறவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டான். எனக்குக் கண்ணெதிரே ஆனேக்கல் பஸ் ஹாரன் அடித்தது.

அம்மா கூடத்துக்குள் பாய்ந்தாள். "ஆரிஸ்ரி! தீப ஆரிஸ்ரி!" அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்துகிறாள். யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று அப்பாவுக்குப் பயம், "என்னா ஆச்சு, யாருக்கு?" என்கிறார். வெங்கட்டப்பா மாமா தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாசலுக்கு ஓடினார். அம்மா ஸ்விட்சை நோக்கிப் போகிறாள், கை நீட்டுகிறாள். "ஈரக்கை! ஈரக்கை! தொடாத!" என்று கூட்டமே கூச்சல் போட்டது. அவள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, அவர் விரலாலேயே ஸ்விட்சை மேலே தள்ளிவிட்டாள். ஷாக் அடித்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அடித்திருக்கும். அது அப்போது யாருக்குத் தோன்றியது!

ஊரே கூடிப் பார்க்க வந்த வெளிச்சம் அப்படிப் போனது. இருட்டில் செருப்பைத் தேடி ஆளாளுக்கு முட்டிக்கொண்டார்கள். "என்னாத்துக்குடி அணைச்ச? நாலு பேரு முன்னாடி என் மானமே போச்சு" என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா அவரை அப்படியே இழுத்துக்கொண்டு போய்ப் புழு அறையில் நிறுத்தி அகலை ஏற்றிக் காட்டினாள். தமிழுக்குத் திரும்பியிருந்தாள். "பொண்ணு படிப்பு அங்க ஓரத்துல நசுங்கிக்கினு கெடக்குது பாருங்க." அப்பா பார்த்தார். அம்மா கையிலிருந்த அகலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

நூல் விட ஆரம்பித்த புழுவைத் தொடக் கூடாது. மற்றதையெல்லாம் அம்மாவும் நானும் ஒவ்வொன்றாக எடுத்துக் காலிச் சந்துகளில் விட்டோம். அகல் ஒரு பக்கமே நின்றால் மறுபடி ஓரம் போகும் என்று, அப்பா அதைக் கையில் ஏந்திக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். விளக்கெண்ணெய் சுடச் சுடக் கையில் வழிந்தது. "வலிக்குதாங்க?" என்றாள் அம்மா. "நீ புழுவப் பாரு" என்றார் அப்பா. ஓட்டையில் கோணிச் சாக்கை அடைத்தார்கள். கூடு கட்டி முடிகிறவரை அந்த ஸ்விட்சை யாரும் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு. அதற்கப்புறமும் அவளுக்குப் பயம் விடவில்லை, கூடு விலைபோகிறவரை தொடவிடவில்லை. எங்கள் கூடத்தில் பழையபடி மண்ணெண்ணெய் விளக்கு, அதுவும் எறக்கின திரி.

கூடு பறித்த அன்றைக்கு அம்மா நல்லதை ஒரு குவியல், இரட்டையை ஒரு குவியல் எனப் பிரித்துப் போட்டாள். இரட்டைக் குவியலைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல். அவளோ நல்ல குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அதற்குள் விட்டு அளைந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "பெட்டி கெடையாது. துணிப் பையிலதான் போவணும். போறியா?" என்றாள். போறியாவா! நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுததில் பாதிக் கூடு தரையில் உருண்டது.

அந்த மாதம் எங்கள் முதல் கரண்ட் பில் வந்தது. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சக் கட்டணம். ஒரே ஒரு சாயங்காலம் எரிந்த பல்புக்கு! வெங்கட்டப்பா மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருட்டுக்குப் போயி காசு கட்ற ஒரே ஆளு நீதான்யா." அப்பா அசரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டப் புறப்பட்டார். "கட்றேன்யா. எம் பொண்ணு டீச்சராவறதுக்கு இருட்டு வேண்டியிருந்துச்சு. கவர்மெண்டு குடுத்துச்சு. கட்டாம இருப்பனா?"

அதே வாரம் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். ஆனேக்கல் மாமா மூன்று வருஷம் எங்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. மாமா மகனுக்கு நல்ல பெண்ணாகக் கிடைத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று அப்பா சொல்வார், அது அவருடைய குறும்பு.

பாகலூர் ரோட்டில் போகும்போதெல்லாம் அந்த வீடு இருந்த இடத்தைத் தேடுகிறேன். எது எங்கள் இடம் என்று அடையாளமே தெரியவில்லை. மல்பெரித் தோட்டமெல்லாம் கம்பெனிச் சுவர். கோபுரம் கோபுரமாக லைட்டு, ரோடு நெடுக லைட்டு, யாருமே இல்லாத பார்க்கிங்குக்கும் லைட்டு. அங்கே இன்றைக்கு ஒரு புழுவைக் கொண்டுபோய் விட்டால் ஓடி ஒளிய ஓரம் கிடைக்காது. தெரு விளக்கில் படித்தேன், சிம்னி விளக்கில் படித்தேன் என்று பெரிய மனுஷர்கள் மேடையில் சொல்லும்போது நானும் கை தட்டுகிறேன். ஆனால் என் கதை வேறு. எனக்காக ஒரு விளக்கை அணைத்தார்கள், அதனால்தான் நான் படித்தேன். ஓசூரில் இப்போது அந்த இருட்டு எங்கேயும் இல்லை. ஈரக் கையோடு ஓடிவந்து அதை எனக்கு வாங்கிக் கொடுத்தவளும் இல்லை.